பால் பைத்தானுக்கும் கார்ன் ஸ்னேக்குக்கும் ஒரே டைம்டேபிளா? எவ்ளோ பெரிய எலி, எத்தன நாளைக்கு ஒருக்கா

பாம்பு புதுசா வாங்கினவங்க எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், எவ்ளோ பெரிய எலி போடணும், எத்தன நாளைக்கு ஒருக்கா போடணும். பதில் ரெண்டு விதமா வரும். ஒரு சாரார் பாம்போட உடம்பு எங்க ரொம்ப தடிமனா இருக்கோ அதே தடிமன்ல எலி எடு, வாரம் ஒண்ணு போடு, முடிஞ்சுதுன்னு சொல்வாங்க. இன்னொரு சாரார் தராசு எடு, பாம்போட எடைல இத்தன சதவீதம்னு கணக்கு போடுன்னு சொல்வாங்க. ரெண்டுலயும் விஷயம் இருக்கு, ஆனா எந்த பாம்புக்குன்னு கேக்காம பேசினா ரெண்டுமே பிரயோஜனம் இல்ல.

அதனால அதிகமா வீட்ல வளர்க்கற ரெண்டு பாம்ப எடுத்துக்கறேன். கார்ன் ஸ்னேக் அமெரிக்காவோட தென்கிழக்கு பக்கத்து பாம்பு, மரம் ஏறும், கொட்டகைக்குள்ள நுழையும், அலைஞ்சு தேடி இரை பிடிக்கும், நம்ம ஊர்ல சாரை வயல் வரப்புல திரியற மாதிரி. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா பக்கம், மலைப்பாம்பு குடும்பம், வளைக்குள்ளயும் புத்துக்குள்ளயும் சுருண்டு கெடக்கும், இரை கிட்ட வந்தா மட்டும் அடிக்கும். இந்த வித்தியாசம் வெறும் குணத்துல மட்டும் இல்ல, குடல்லயே இருக்கு. ஸ்டீபன் சீக்கோர், ஜாரட் டயமண்ட்னு ரெண்டு உடலியல் ஆராய்ச்சியாளர்கள் 1990கள்ல பர்மிய மலைப்பாம்ப வச்சு பண்ணின ஆராய்ச்சில தெரிஞ்சது என்னன்னா, பட்டினி காலத்துல அதோட குடல் சுருங்கி கிட்டத்தட்ட வேலைய நிறுத்திடும், ஒரு இரை உள்ள போனதும் ஒண்ணு ரெண்டு நாள்ல மளமளன்னு வளர்ந்து முழு வேகத்துல வேலை செய்யும், செரிச்சு முடிஞ்சதும் மறுபடி சுருங்கிடும். 2005ல வந்த இன்னொரு ஆராய்ச்சில இரை முழுங்கின 48 மணி நேரத்துல இதயத்தோட கீழறையே 40 சதவீதம் பெருசாகுதுன்னு காட்டினாங்க. அலைஞ்சு அடிக்கடி சாப்பிடற பாம்புகள்ல குடல் இந்த அளவுக்கு ஏறி இறங்காது. ஆக பதுங்கி சாப்பிடற பாம்புக்கு நீளமான இடைவெளிங்கறது தண்டனை இல்ல, அதோட உடம்பு அதுக்காகவே அமைஞ்சது.

இப்ப தடிமன் கணக்கு. கார்ன் ஸ்னேக்குக்கு இது ஓரளவு நல்லாவே வேலை செய்யும், ஏன்னா ஒல்லி உடம்பு. 400 கிராம் இருக்கற ஒரு பெரிய கார்னோட தடிமனுக்கு எலி தேடினா ஒரு பெரிய சுண்டெலில வந்து நிக்கும், அது 25 கிராம் சொச்சம், எடைல 6 சதவீதம், சரியான அளவு. அதே கணக்க 1500 கிராம் பால் பைத்தானுக்கு போட்டீங்கன்னா எங்கயோ போயிடும், அது குட்டையான குண்டு பாம்பு, அந்த தடிமனுக்கு ஏத்த எலி 150 கிராம் தாண்டும். இன்னொரு பெரிய கோளாறு, பாம்பு கொழுத்தா தடிமன் கூடும், தடிமன் கூடினா இன்னும் பெரிய எலி, அதனால இன்னும் கொழுக்கும், இந்த கணக்குக்குள்ள நிறுத்தச் சொல்ற இடமே கெடையாது.

எடை கணக்குலயும் அதே ஆபத்து இருக்கு, சதவீதத்த குட்டில இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி வச்சா. குட்டிக்கு 10ல இருந்து 15 சதவீதம், பெருசாக பெருசாக அது இறங்கணும். பால் பைத்தான் பொறக்கும்போது சுமார் 50ல இருந்து 80 கிராம், அதுக்கு 6 இல்ல 8 கிராம்ல ஒரு எலிக்குட்டி வாரம் ஒண்ணு போதும். 500 கிராம் வந்ததும் 7 சதவீதம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. வளர்ந்து முடிஞ்சதுக்கு 5 சதவீதம், மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா. கார்ன் குட்டி அத விட ரொம்ப பொடிசு, பொறக்கும்போது பத்து கிராம் கூட இருக்காது, அதுக்கு ஒண்ணு ரெண்டு கிராம்ல இருக்கற ரோமமில்லாத சுண்டெலி குட்டி, அதான் பிங்கின்னு சொல்றது, அஞ்சு நாளைக்கு ஒண்ணு. இங்க சதவீதம் 20, 30ன்னு எகிறும்தான், பயப்பட வேணாம், அதுக்கு கீழ சைஸ் கெடையாது, பிங்கி உடம்புல பாதிக்கு மேல தண்ணிதான்.

வருஷத்துக்கு கூட்டி பாத்தா விஷயம் பளிச்சுனு தெரியும். 1500 கிராம் பால் பைத்தானுக்கு வாரம் 150 கிராம் எலின்னா வருஷத்துக்கு 7.8 கிலோ. 75 கிராம் எலி மூணு வாரத்துக்கு ஒருக்கான்னா 1.3 கிலோ. ஆறு மடங்கு வித்தியாசம்! நாளெல்லாம் சுருண்டு கெடக்கற ஒரு ஜீவன் அந்த மிச்சத்த எங்க கொண்டு போய் வைக்கும், உடம்புக்குள்ள கொழுப்பாத்தான், அப்புறம் ஈரல்லயும். கார்னுக்கு 25 கிராம் சுண்டெலி பன்னெண்டு நாளைக்கு ஒண்ணுன்னா வருஷத்துக்கு 750 கிராம் வரும், தன்னோட எடைய போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, மூணு வார கணக்குல பால் பைத்தான் தன் எடை அளவு கூட சாப்பிடல. ரெண்டுக்கும் ஒரே டைம்டேபிள் ஒட்டறவங்க யாரோ ஒருத்தருக்கு அநியாயம் பண்றாங்கன்னுதான் அர்த்தம். விக்கறதுக்காக வளர்க்கறவங்க பெட்டைய சீக்கிரம் முட்டை போடற எடைக்கு கொண்டு வரணும்னு திணிச்சு வளர்ப்பாங்க, அந்த அட்டவணைய அப்படியே வீட்டு பாம்புக்கு எடுத்துக்கறது எனக்கு சுத்தமா ஒத்துக்காது.

பசிய வச்சு முடிவு பண்ணலாமேன்னு கேப்பாங்க. முடியாது, ரெண்டு பாம்பும் நேரெதிரா ஏமாத்தும். கார்ன் நேத்து சாப்பிட்டிருந்தாலும் இன்னைக்கு கண்ணாடிகிட்ட வந்து எட்டி பாக்கும், கைல சுண்டெலி வாசன பட்டா போதும் பாய்ஞ்சு வரும், அத பசின்னு நெனச்சு போட்டுக்கிட்டே இருந்தா வாலுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் கொழுப்பு புடைக்கும், வளையும்போது தோல் மடியும், செதில் விலகி நடுவுல தோல் தெரியும். பால் பைத்தான் ஒரு நாள் திடீர்னு சாப்பிட மாட்டேன்னு திரும்பி படுத்துக்கும், குறிப்பா எலி மூணு நாலு வாட்டி பெரிய சைஸ்ல போட்டதுக்கு அப்புறம், இல்லன்னா இனச்சேர்க்கை சீசன்ல, இல்ல சட்டை உரிக்கப் போகும்போது. வாரா வாரம் நீட்டி அது மறுக்கும்போதெல்லாம் ஓனருக்கு பதட்டம், பாம்புக்கும் தொல்லை. வளர்ந்த பாம்பு மாசக்கணக்குல சாப்பிடலைன்னாலும் தராசுல எடை நின்னா விடுங்க, ரெண்டு மூணு வாரம் கழிச்சு நீட்டுங்க. எடை பத்து சதவீதத்துக்கு மேல எறங்கினா, இல்ல அது சின்ன குட்டியா இருந்தா, ஊர்வன பாக்கற டாக்டர்கிட்ட போயே ஆகணும். நல்ல எடைல இருக்கற பால் பைத்தானோட உடம்ப குறுக்கால பாத்தா முனை மழுங்கின முக்கோணம் மாதிரி தெரியணும், உருண்டையா இருந்து முதுகுத்தண்டு மேல பள்ளம் விழுந்தா அளவு மீறிடுச்சு.

ஒரு பெரிய எலியா, ரெண்டு சின்னதான்னும் சண்டை நடக்கும். கொஞ்சம் சின்னது பக்கமே என் ஓட்டு, செரிக்க சுலபம், கக்கற வாய்ப்பு கம்மி. ஆனா வளர்ந்த கார்னுக்கு பிங்கியா பத்து போடறது வேணாம், பிங்கில எலும்பு இன்னும் கெட்டியாகல, கால்சியம் கம்மி. எந்த சைஸா இருந்தாலும் உறைஞ்ச எலிய ஃப்ரிட்ஜ்ல வச்சு உருக்கி வெந்நீர்ல வெதுவெதுப்பாக்கி இடுக்கில பிடிச்சு குடுங்க, மைக்ரோவேவ் கூடவே கூடாது. உயிர் எலிய உள்ள விட்டா அது பாம்ப கடிச்சு புண்ணாக்கிடும், எலிக்கும் கொடுமை. சாப்பிட்டதுக்கு அப்புறம் ரெண்டு நாள் தூக்காதீங்க, சூடான மூலை பால் பைத்தானுக்கு 31, 32 டிகிரி, கார்னுக்கு 29 ஒட்டி இருக்கணும், கூண்டு குளிர்ந்து கெடந்தா சரியான அளவு இரையும் உள்ள அழுகி வெளிய வந்துடும். கக்கிடுச்சுன்னா உடனே மறுபடி போடாம பத்து, பதினாலு நாள் விட்டு பாதி சைஸ்ல தொடங்குங்க.

தமிழ்நாட்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒண்ணு, சாரை, மலைப்பாம்பு மாதிரி நம்ம நாட்டு பாம்ப வீட்ல வைக்கறது 1972 வனவிலங்கு சட்டப்படி குற்றம், பால் பைத்தான் மாதிரி வெளிநாட்டு பாம்புக்கும் அரசு பதிவு வேணும்.

ஏற்கனவே வாரம் ஒரு பெரிய எலின்னு பழக்கிட்டவங்க ஒரேயடியா நிறுத்த வேணாம். மொதல்ல சைஸ ஒரு படி குறைங்க, அதே நாள்ல குடுங்க, ஒரு மாசம் கழிச்சு இடைவெளிய பத்து நாளாக்குங்க, அப்புறம் ரெண்டு வாரம், மூணு வாரம். மாசம் ஒருக்கா கிச்சன் தராசுல ஒரு டப்பா வச்சு எடை எடுத்து குறிச்சு வச்சுக்குங்க, கொழுத்த பாம்பு ரொம்ப மெதுவாத்தான் எறங்கும், வருஷம் ஆகலாம், அவசரப்பட்டு பட்டினி போட வேணாம்.