காலாங்ல ஒரு ராத்திரி: டெய்லர் ஸ்விஃப்ட் கான்சர்ட்டுக்கு முதல் தடவையா போன அம்மாவோட ரிவ்யூ

2024 மார்ச் 2, சனிக்கிழமை, சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியம். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் இங்க ஆறு ராத்திரி பாடுனாங்க, அதுல நாங்க போனது முதல் ராத்திரி. தென்கிழக்கு ஆசியாவுல அவங்களோட இந்த 'ஈராஸ் டூர்' வந்த ஒரே ஊர் இதுதான், அதனால டிக்கெட் வித்தப்ப (2023 ஜூலைல) நடந்த அமளி ஊருக்கே தெரியும். ஆன்லைன் வரிசையில எம் மக முன்னாடி நின்ன நம்பரப் பாத்ததும் நான் ஆசைய விட்டுட்டேன், அவ விடல, மத்தியானம் சாப்பிடாம லேப்டாப் முன்னாடியே உக்காந்து ரெண்டு டிக்கெட் எடுத்துட்டா. விஐபி இல்லாத சாதா டிக்கெட் 108 வெள்ளியில (சிங்கப்பூர் டாலர்) இருந்து 348 வெள்ளி வரைக்கும். எங்களுக்குக் கிடைச்சது ஆகக் குறைஞ்ச 108, மேல் தளம், மேடைக்குப் பக்கவாட்டுல.

எனக்கு இந்தப் பாட்டெல்லாம் பழக்கமில்ல. ராஜா சார் பாட்டுலயே வளந்தவ நான், இவங்க பாட்டுன்னா மக ரூம் கதவு வழியா வெளிய கேக்குறதுதான். துணைக்குப் போகணும்னுதான் போனேன், ஆனா போறதுன்னு ஆனதும் எனக்கும் ஒரு ஆர்வம் வந்துருச்சு, அப்படி என்னதான் இருக்கு இதுல, பிள்ளைங்க ஏன் இப்படி உருகுதுன்னு.

இந்த ஷோவப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். இந்த ஷோ ஆல்பம் ஆல்பமா பிரிச்சது. ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ஒரு நிறம், ஒரு டிரெஸ், மேடையில ஒரு உலகம். ரசிகர்களும் அதுக்குத் தக்கதான் உடுத்திட்டு வந்தாங்க. ஊதான்னா ஒரு ஆல்பம், கருப்புல பாம்பு போட்டிருந்தா இன்னொரு ஆல்பம். எம் மக ஊதா கவுன். அவளோட முழங்கை வரைக்கும் மணி கோத்த பிரேஸ்லெட், மூணு வாரமா சாப்பாட்டு மேசை மேல பாசிமணி கொட்டிக் கெடந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் எழுத்து மணி வச்சு பாட்டு வரி கோத்திருந்தா. அத அங்க வர்ற முன்பின் தெரியாதவங்களோட மாத்திக்கிறதுதான் வழக்கமாம்.

ஸ்டேடியம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல இறங்குனதுமே அது ஆரம்பிச்சிருச்சு. மணிலாவுல இருந்து, ஜகார்த்தாவுல இருந்து, பேங்காக்ல இருந்தெல்லாம் பிள்ளைங்க வந்திருந்தாங்க. ஒரு சின்னப் பொண்ணு, எட்டு வயசு இருக்கும், எங்கிட்ட வந்து நின்னு கைய நீட்டுச்சு. எங்கிட்ட குடுக்க ஒண்ணுமில்லன்னு சொன்னேன். பரவால்ல ஆண்டின்னு பச்சையும் வெள்ளையுமா ஒண்ண எங் கையில மாட்டி விட்டுட்டு ஓடிருச்சு. இத்தன பேர் கூடுற எடத்துல இந்த அளவு பிரியத்த நான் கோயில் திருவிழாவுல கூட அபூர்வமாத்தான் பாத்திருக்கேன்.

உள்ள போறதுக்கு முன்னாடி சாப்பாடு. இதுலதான் எனக்குக் குறை. ஒரு கடையில நாப்பது நிமிசம் வரிசையில நின்னு கடைசியில ரைஸ் தீந்துபோச்சுன்னுட்டாங்க, தீரப்போகுதுன்னு பின்னாடி நிக்கிறவங்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியில சாப்பிட்டுட்டே போயிருங்க, அதான் நல்லது.

வாசல்லயே கையில கட்டிக்க ஒரு லைட் பேண்ட் குடுத்தாங்க. நாம ஒண்ணும் அமுக்க வேண்டாம், அவங்களே எங்கயோ இருந்து இயக்குறாங்க, பாட்டுக்குத் தக்க மொத்த ஸ்டேடியமும் ஒரே நேரத்துல செவக்குது, நீலமாகுது, அலை மாதிரி ஒரு பக்கத்துல கெளம்பி இன்னொரு பக்கம் போய் அடங்குது.

முதல்ல சப்ரினா கார்பென்டர்னு ஒரு பொண்ணு பாடுச்சு, நல்ல குரல். ஏழு மணி வாக்குல ஸ்க்ரீன்ல ஒரு கடிகாரம் வந்து நேரம் பின்னாடி ஓட ஆரம்பிச்சதும் எழுந்து நின்னவங்கதான், கடைசி வரைக்கும் யாரும் உக்காரல. மூணு மணி நேரத்துக்கும் மேல, நாப்பது பாட்டுக்கும் மேல. மூச்சு வாங்க ஆடிட்டே பாடுறாங்க, டிரெஸ் மாத்தப் போற நேரந்தான் ரெஸ்ட்டு. அந்த உழைப்புக்கே ஒரு கும்பிடு போடணும்.

சவுண்ட் பத்தி உள்ளதச் சொல்லிடுறேன். மேல் தளத்துல டிரம்ஸும் பேஸும் கூரையில பட்டு எதிரொலிக்குது, வேகமான பாட்டுல ஒரு வார்த்தை புரியல, போதாக்குறைக்குப் பக்கத்துல இருக்கவங்க பாடுறதுதான் காதுல விழுது. கிட்டாரோ பியானோவோ மட்டும் வச்சுப் பாடுனப்போ துல்லியமா கேட்டுச்சு. அந்த டூர்ல தினமும் ரெண்டு சர்ப்ரைஸ் பாட்டு அப்படித்தான் பாடுனாங்க, என்ன பாட்டுன்னு யாருக்கும் முன்னாடியே தெரியாது. அன்னிக்கு ரெண்டு ரெண்டு பாட்ட ஒண்ணாச் சேத்துப் பாடுனாங்க, எம் மக வாயப் பொத்திட்டு அழுதா.

ஆனா மேல் தளத்துல ஒரு லாபம் இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. மேடையில இருந்து மைதானத்து நடுவுல நீளமா ஒரு பாதை போகுது, அந்தத் தரை முழுக்க ஸ்க்ரீன். சர்ப்ரைஸ் பாட்டு முடிஞ்சதும் அவங்க அந்தத் தரைக்குள்ள டைவ் அடிக்கிறாங்க, உடனே தரையெல்லாம் தண்ணியாகி அவங்க உருவம் மேடை வரைக்கும் நீந்திப் போகுது. கீழ காசு குடுத்து நிக்கிறவங்களுக்கு இது முழுசா தெரிய வழியே இல்ல. முகம் பாக்கணும்னா கீழ, ஷோவப் பாக்கணும்னா மேல. இந்த மாதிரி ஷோவுக்கு முதல் தடவ போறவங்க மேலயே எடுங்க, ஒரு சின்ன பைனாகுலர் போதும்.

இப்போ நான் எழுத வந்த விஷயம். டெய்லரோட பாட்டி (அம்மாவோட அம்மா) மார்ஜரி ஃபின்லே ஒரு ஓபரா பாடகியாம், 2003ல இறந்துட்டாங்க. அந்தக் குடும்பம் ஒரு காலத்துல சிங்கப்பூர்லதான் இருந்திருக்கு, டெய்லரோட அம்மா சின்ன வயசுல இங்கதான் வளந்திருக்காங்க. அன்னிக்கு மேடையில டெய்லர் அதப் பத்திப் பேசுனாங்க, முன்னாடி இங்க பாட வந்தப்பல்லாம் அம்மா பழைய வீட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் காட்டுவாங்கன்னு. அப்புறம் பாட்டி பேருலயே எழுதுன பாட்டப் பாடுனாங்க. யாரும் சொல்லாம அத்தன பேரும் போன் லைட்ட ஏத்துனாங்க. மக எங் காதுல சொன்னா, "மா, இந்தப் பாட்டுல பின்னாடி கேக்குற குரல் அவங்க பாட்டியோடது, பழைய ரெக்கார்டிங் எடுத்துச் சேத்திருக்காங்க."

எங்கம்மா தவறி அப்போ ஏழு மாசம். தேக்கா மார்க்கெட்ல காய் வாங்கப் போறப்ப அவங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இன்னும் எம் போன்ல இருக்கு, முருங்கக்கா நல்லா இல்ல, கத்திரிக்கா வாங்கிட்டேன்னு, பன்னெண்டு செகண்டு. அதக் கேக்கத் தைரியம் வராம அப்படியே வச்சிருந்தேன். அந்தப் போனத்தான் லைட் போட்டுத் தூக்கிப் பிடிச்சிட்டு நின்னேன். மக எதுவும் கேக்கல, எங் கையப் பிடிச்சிக்கிட்டா, அவ கையில இருந்த மணியெல்லாம் எங் கையில அழுத்துச்சு.

முடியறப்போ பத்து மணி தாண்டிருச்சு. ஸ்டேடியம் ஸ்டேஷன்ல கூட்டத்த நிறுத்தி நிறுத்தித்தான் விடுறாங்க, காத்திருக்காதீங்க, காலாங் எம்ஆர்டிக்கு நடந்துருங்க, இருபது நிமிசம் ஆகும், வழியெல்லாம் பாடிட்டேதான் போறாங்க. டூர் 2024 டிசம்பர்ல வான்கூவர்ல முடிஞ்சிருச்சு, மொத்தம் 149 ஷோ. அடுத்து எப்ப வந்தாலும் நான் போவேன், பிரேஸ்லெட் இந்தத் தடவ நானும் கோத்துட்டுப் போவேன், அந்தச் சின்னப் பொண்ணு குடுத்த பச்சை வெள்ளைய மட்டும் யாருக்கும் மாத்திக் குடுக்க மாட்டேன்.