கோயிலா, மேடையா, பதிவு அலுவலகமா? எளிய கல்யாணத்துக்கு எது தோது?

மண்டபம் வேண்டாம், டிரோன் கேமரா வேண்டாம், முப்பது பேர் வந்தால் போதும், ஆனால் நாளைக்கு எந்த அலுவலகத்திலும் செல்லுபடியாக வேண்டும். இப்படிக் கேட்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் மூன்று வழிகள் இருக்கின்றன: கோயில் கல்யாணம், மேடையில் நடக்கும் சுயமரியாதைத் திருமணம், பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டப்படி நடக்கும் கல்யாணம். மூன்றிலும் சடங்குக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். பந்தியில் எத்தனை இலை என்பதுதான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். அதனால் பணத்தை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள், எத்தனை நாள் பொறுக்க முடியும் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒரு தவறான எண்ணம். "ரிஜிஸ்டர் பண்ணிட்டா கல்யாணம் முடிஞ்சுது" என்று பலர் நினைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் அப்படியில்லை. கல்யாணம் நடந்திருக்க வேண்டும்; பதிவு அதற்குச் சான்று மட்டுமே. சடங்கே நடக்காமல் வாங்கிய சான்றிதழ் கல்யாணத்தை உண்டாக்கிவிடாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மணமக்கள் இருவரும் இந்துக்கள், சாதி எதுவானாலும் சரி என்றால் என் ஓட்டு, புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கு. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்ததை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். சட்டம் ஒப்புக்கொள்ள 40 ஆண்டு ஆனது. அண்ணா ஆட்சியில் வந்த திருத்தம்தான் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு; 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அது கேட்பது மிகக் கொஞ்சம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இவரைக் கணவராக ஏற்கிறேன், இவரை மனைவியாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். தாலி இல்லாமல் அம்மா சமாதானமாக மாட்டார் என்றால் அதற்கும் இடம் உண்டு.

தலைமை தாங்குபவர் யார்? சட்டம் அவரைப் பற்றிப் பேசவே இல்லை. உரிமம் வேண்டாம், பட்டம் வேண்டாம். தமிழாசிரியர், பாட்டி, கட்சிக்காரர் யாரும் உறுதிமொழியைப் படித்து நடத்திவைக்கலாம். சுருக்கமாகப் பேசுகிறவராகப் பாருங்கள். மைக் பிடித்தால் இறங்காதவர் என்றால் மணமக்கள் மாலையோடு வேர்த்து நிற்க வேண்டியதுதான். கூட்டமும் கட்டாயமில்லை, ஊரறியச் செய்தால்தான் செல்லும் என்ற பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2023-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சென்னை வேப்பேரி பெரியார் திடலில் இதற்கென்றே சுயமரியாதைத் திருமண நிலையம் இருக்கிறது.

இதில் சிக்கல் பதிவில் வரும். தமிழ்நாட்டின் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அழைப்பிதழோ கோயில் ரசீதோ கேட்பார்கள். வீட்டு மொட்டைமாடியில் நடந்த கல்யாணத்துக்கு ரசீது ஏது? எளிமை எளிமை என்று பத்திரிகை அடிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஐம்பது பிரதி போதும். மாலை மாற்றும் படமும் வேண்டும்.

கோயில் கல்யாணத்தில் அந்தத் தொல்லை இல்லை, ரசீது கைக்கு வந்துவிடும். ஆனால் முதல் திருமணம்தான் என்ற சான்று, ஆதார் என்று முன்கூட்டியே கேட்கும் கோயில்கள் உண்டு. சில இடங்களில் பெற்றோரையும் எதிர்பார்ப்பார்கள். முகூர்த்த நாளில் பெரிய கோயில்களில் நிதானமாக நிற்க முடியாது. வீட்டார் சம்மதம் இருந்து, சந்நிதியில்தான் தாலி ஏற வேண்டும் என்பவர்களுக்கு இது சரி.

மணமக்கள் வெவ்வேறு மதம், மதம் மாறவும் விருப்பமில்லை என்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இங்கே திருமண அலுவலரே முன்னிலை வகிப்பார். கல்யாணமும் சான்றிதழும் ஒரே இடத்தில் முடியும். விலை பணமல்ல, காத்திருப்பு. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்தபின் 30 நாள் பொறுக்க வேண்டும், அதுவரை உங்கள் விவரம் அலுவலகப் பலகையில் தொங்கும். வீட்டுக்குப் பயந்து கல்யாணம் செய்கிறவர்களுக்கு அந்த ஒரு மாதம் சாதாரணமானதல்ல. ஆட்சேபம் எழுப்புகிறவர் "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் எடுபடாது. வயது, முந்தைய திருமணம் போல் சட்டம் சொல்லும் காரணம் வேண்டும்.

இன்னொன்றையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கூட்டுக் குடும்பச் சொத்துள்ள இந்து ஒருவர் இந்தச் சட்டத்தில் வேற்று மதத்தவரை மணந்தால் அந்தக் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். வாரிசுரிமையும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி போகும். இருவரும் இந்துக்களானால் இது பொருந்தாது. அறிவிப்பு மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், அதற்குள் தேதி வையுங்கள். அன்று மூன்று சாட்சிகள் வேண்டும். நான்காவதாக ஒருவரையும் தயாராக வைத்துக்கொள்வது நல்லது.