அன்றாடப் பயணத்துக்கு ஏற்ற ஹைப்ரிட் சைக்கிள்

வேலைக்குச் சென்றுவரவும் உடற்பயிற்சிக்கும் ஒரே வண்டி போதும் என்று சைக்கிளுக்குத் திரும்புவோர் பெருகிவரும் இந்நாளில், நான் ஓட்டிவரும், சாலை சைக்கிளும் மலைப்பாதை சைக்கிளும் கலந்த வகையான 7 கியர் ஹைப்ரிட் சைக்கிளைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். 35 மி.மீ. அகல டயர்கள் மேடுபள்ளங்களின் அதிர்வைப் பெருமளவு தாங்கிக்கொள்கின்றன. ஹேண்டில்பார் நேராக இருப்பதால் முதுகை அதிகம் வளைக்கத் தேவையில்லை. ஏற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்பே, பெடலில் அழுத்தத்தைத் தளர்த்திக் கியரைக் குறைத்தால், செயின் சத்தமின்றிப் பின்புறத்தின் பெரிய பல்சக்கரத்துக்கு மாறிவிடுகிறது. உடல் எடையைப் பெரிதும் இருக்கையே தாங்குவதால், ஓடுவதைவிட முழங்காலுக்குச் சுமை குறைவு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை, போகவும் வரவும் கால் மணி நேரம் வீதம் ஐந்து நாள் மிதித்தாலே எட்டிவிடலாம். இருக்கை கடினமானது, பழகும்வரை வலிக்கும். மட்கார்டையும் விளக்கையும் தனியே வாங்கித்தான் பொருத்த வேண்டும்.