ஈயத்துக்கு நம்பலாம், ஆர்செனிக்குக்குப் போதாது: ஒரு மண் பரிசோதனைச் சேவை

மாசடைந்த நிலமொன்றின் மண்ணைக் கன உலோகப் பரிசோதனைக்கு அனுப்பிப் பெற்ற அறிக்கையை வைத்து இதை எழுதுகிறேன். பல ஆய்வகங்கள் மண்ணை ராஜதிராவகத்தில் (அடர் நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்களின் கலவை) செரிக்கவைத்து, கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று மொத்த அளவைத் தருவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த எண்ணைக் கொண்டு, உலோகம் இருந்த இடத்திலேயே கிடக்குமா, வேருக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேருமா என்று சொல்ல இயலாது. இந்த ஆய்வகமோ, 1979-இல் டெசியர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்த, வெவ்வேறு கரைசல்களால் அடுத்தடுத்துக் கரைத்தெடுக்கும் படிநிலைப் பிரித்தெடுப்பு முறையைக் கையாண்டு, எளிதில் பரிமாற்றமாகும் பகுதி, கார்பனேட்டோடு பிணைந்தது, இரும்பு-மாங்கனீசு ஆக்சைடுகளில் ஒட்டியது, கரிமப் பொருளில் சிக்கியது, கனிமத்துக்குள்ளேயே அடைபட்டது என ஐந்தாகப் பிரித்துக் காட்டுகிறது. ஐந்தின் கூட்டுத்தொகையைத் தனியே அளந்த மொத்தத்தோடு ஒப்பிட்டும் அச்சிட்டிருந்தார்கள். கணக்கை மறைக்காத இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

ஈயத்தின் பெரும்பகுதி ஆக்சைடுகளிலும் கரிமப் பொருளிலும் பிடிபட்டிருந்தது. காட்மியம் மொத்தத்தில் குறைவே என்றாலும் அதில் பாதிக்கு மேல் எளிதில் பரிமாற்றமாகும் முதல் பகுதியிலேயே நின்றது. மண்ணின் பிஎச் 6-க்குக் கீழே இருந்தது; அமில மண்ணில் காட்மியம் எளிதில் நகரும் என்பதால் இதில் வியப்பில்லை. மொத்த அளவை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

குறை ஆர்செனிக்கில்தான். (அது உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட உலோகப்போலி, ஆனாலும் இந்தப் பட்டியலில் எப்போதும் இடம்பிடித்துவிடும்.) நீர் தேங்கி ஆக்சிஜன் அற்றுப்போன மண்ணில் இரும்பு ஆக்சைடுகள் கரைய, அவற்றில் ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபட்டு, ஆர்செனைட் என்ற எளிதில் நகரும் வடிவமாக மாறுகிறது. அத்தகைய மாதிரியைக் காற்றில் உலர்த்தினால் இரும்பு மீண்டும் ஆக்சைடாகி ஆர்செனிக்கைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். உறையின் மேல் 'நீர் தேங்கிய மண்' என்று எழுதியிருந்தும், எல்லா மாதிரிகளையும் ஒரே விதமாக உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, ஆர்செனிக் ஆக்சைடுகளில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த மாதிரியைக் காற்றுப் புகாமல், குளிர்நிலையில் வைத்துச் சோதித்திருக்க வேண்டும்.

அதைவிட உறுத்தியது, எல்லாவற்றுக்கும் பொதுவாகச் 'சுண்ணாம்பு இடவும்' என்ற பரிந்துரை. சுண்ணாம்பு பிஎச்சை உயர்த்திக் காட்மியத்தையும் ஈயத்தையும் கட்டிப்போடும். ஆனால் எதிர்மின் அயனியாக உலவும் ஆர்செனேட்டையும் (ஆர்செனிக்கின் ஆக்சிஜனேற்றமடைந்த வடிவம்) ஆறு இணைதிற குரோமியத்தையும் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) அதுவே தளர்த்திவிடக்கூடும். அறிக்கையில் குரோமியத்துக்கு மொத்த அளவு மட்டுமே இருந்தது. கேட்டபோது, ஆறு இணைதிற வடிவத்துக்குக் காரக் கரைசலில் பிரித்தெடுக்கும் தனிச் சோதனை உண்டு என்று அங்கிருந்த வேதியியலாளர் பொறுமையாக விளக்கினார். விண்ணப்பப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம்கூட இல்லை.