மேசைக் காலை அறுத்த கதை: நான்கு வருட முதுகுவலி அனுபவம்

நாற்காலிக்கு 14,000 ரூபாய் கொடுத்தேன். ஆனால் முதுகுக்கு உருப்படியாக உதவியது ஆசாரிக்குக் கொடுத்த 400 ரூபாய்தான். சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. வலி என்று வருகிறவர்கள் எல்லோரும் நாற்காலி என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். மேசை எவ்வளவு உயரம் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கிறேன். 2020 மார்ச் ஊரடங்கில் சாப்பாட்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, லேப்டாப் என்று ஆரம்பித்தது. மூன்று வாரம்தானே என்று உட்கார்ந்தவள் ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டிவிட்டேன். முதலில் கழுத்து வலித்தது, பிறகு வலது தோள்பட்டை, அப்புறம் இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு. காலையில் பல் தேய்க்கக் குனிந்தால், வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடியும்.

2021 தீபாவளிக்கு வலைமுதுகு வைத்த சுழல்நாற்காலி வாங்கினேன். கூடவே அப்பாவின் பழைய தேக்கு மேசையும் அறைக்கு வந்தது. பார்க்க ஜோராக இருந்தது. வலி மட்டும் அசையவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது பிசியோதெரபிஸ்ட். "உட்கார்ந்து, தோளைத் தளர விட்டு, முழங்கையை மடக்கி அளந்து பாருங்க" என்றார். வீட்டுக்கு வந்து, பாதம் தரையில் படும்படி உட்கார்ந்தேன். மகள் தையல் டேப்பைப் பிடித்தாள். தரையிலிருந்து என் முழங்கைக்கு 62 சென்டிமீட்டர். மேசை 76. நான் ஐந்தடி இரண்டங்குலம். கடைகளில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அது என்னைவிட உயரமானவர்களின் கணக்கு. நானோ நாள் முழுக்கத் தோளைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்திருக்கிறேன். நாற்காலியை ஏற்றினால் கால் தொங்குகிறது, இருக்கையின் விளிம்பு தொடைக்கு அடியில் அழுத்தி மரத்துப்போகிறது. இறக்கினால் மறுபடி தோள்.

ஆசாரியைக் கூப்பிட்டேன். மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பர்மா தேக்கு மாதிரி இருக்கு, இதப் போய் அறுக்கச் சொல்றீங்களே?" என்றார். அம்மா அந்த அறைப்பக்கமே வரவில்லை. நாலு காலிலும் 10 சென்டிமீட்டர் போனது. மிச்சத்துக்கு நாற்காலியை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றி, காலுக்கு அடியில் ஒரு மணையைப் போட்டேன். "சாமி கும்பிட உட்கார்ற மணையில காலை வைப்பியா நீ?" என்று அம்மா அறைக்குள் வந்தது அப்போதுதான். சரி என்று ஆசாரியிடமே வேறொரு பலகை வாங்கிக்கொண்டேன். தோள்வலி மூன்று வாரத்தில் போனது. இடுப்புக்கு மூன்று மாதம் ஆனது.

லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரையும் விசைப்பலகையும் ஒட்டிக்கொண்டிருப்பதால் ஒன்று கண்ணுக்குச் சரியாக இருந்தால் மற்றது கைக்குச் சரியாக இருக்காது. தனி விசைப்பலகை, தனி மவுஸ் வாங்கிவிடுங்கள். திரையைக் கை நீட்டும் தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி வைக்க வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். 2023இல் புரோகிரஸிவ் கண்ணாடி (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ்) போட்டதும் கழுத்துவலி திரும்பி வந்துவிட்டது. அந்தக் கண்ணாடியில் கிட்டத்துப் பார்வை கீழ்ப்பகுதியில் இருக்கிறது; திரை உயரத்தில் இருந்ததால் என்னையறியாமல் தாடையைத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். திரையை இரண்டு அங்குலம் இறக்கியதும் சரியானது. நாற்பது தாண்டியவர்கள் இதைக் கவனியுங்கள்.

நாற்காலி எப்படி உழைத்தது? வலைமுதுகு மதுரை வெயிலுக்கு உகந்தது, அதில் குறையில்லை. முதுகுக்கு வைக்கச் சொல்லி வாங்கிய ஃபோம் தலையணை ஏப்ரலிலேயே வேர்த்து நாறியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தேங்காய்ப்பூத் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் கட்டியிருக்கிறேன். துவைத்துக் காயப்போடலாம். கைப்பிடிகள் மேசை விளிம்பில் இடித்து என்னை உள்ளே போக விடாமல் செய்ததால் முதல் வருடமே ஸ்குரூ டிரைவரால் கழற்றிவிட்டேன். இரண்டரை வருடத்தில் கேஸ் லிஃப்ட், அதாவது இருக்கையை ஏற்றி இறக்கும் தண்டு, போய்விட்டது: காலையில் ஏற்றி உட்கார்ந்தால் மதியத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கியிருக்கும். வாரன்டி இரண்டு வருடத்தோடு முடிந்துவிட்டது என்றார்கள். தெருமுனையில் நாற்காலி ரிப்பேர் செய்பவர் 1,100 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். அது இன்றுவரை இறங்கவில்லை.

நேராக, விறைப்பாக, 90 டிகிரியில் உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை நான் இப்போது கண்டுகொள்வதில்லை. 1960களில் சுவீடன் மருத்துவர் நாக்கெம்சன் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் தட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிடச் சாய்மானமில்லாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது, முன்னால் குனிந்தால் இன்னும் கூடுகிறது என்று வந்தது. 1999இல் ஜெர்மனியில் மறுபடி அளந்தபோது, பின்னால் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் நிற்பதைவிடக் குறைவு என்று தெரிந்தது. அதனால் நான் கொஞ்சம் சாய்ந்தே உட்காருகிறேன், அதையும் அடிக்கடி மாற்றிக்கொண்டு. பெரியவர்களின் தட்டுகளில் ரத்தக் குழாய்கள் அநேகமாகக் கிடையாது. சத்து வெளியிலிருந்து ஊறித்தான் உள்ளே போக வேண்டும், அதற்கு உடம்பு அசைய வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

அதற்காக மேசையிலிருந்த லிட்டர் பாட்டிலை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு டம்ளர்தான். தாகமெடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போயாக வேண்டும். ஆனால் மாதாமாதம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் கெடு வரும்போது டம்ளர் காலியாகவே கிடக்கும், ஐந்து மணி நேரம் அசைய மாட்டேன். 21ஆம் தேதி காலையில் வாஷ்பேசின் மறுபடி நினைவுக்கு வரும். எந்த நாற்காலியும் அதைத் தடுக்கவில்லை.

இப்போது புதுப் பிரச்சினை. மகள் பத்தாம் வகுப்பு, என்னைவிட மூன்றங்குலம் உயர்ந்துவிட்டாள். அந்த மேசையில் கூன் போட்டு உட்கார்ந்து படிக்கிறாள். அறுத்த நாலு துண்டுகளையும் பரணில் போட்டு வைத்திருந்தேன். அடியில் கொடுத்துப் பார்த்தோம், ஆடுகிறது. ஆசாரிக்குத்தான் போன் செய்ய வேண்டும்.