ஓடினால் குளிரும், நின்றால் காயும்: சேலத்தில் கார் ஏசிக்கு 15,700 ரூபாய் விட்ட கதை

பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் இந்த வெயிலில் ஏசி வேலைக்கு வண்டியை எங்கேயாவது விடப்போகிறவர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துவிட்டுப் போங்கள். என் வண்டி 2008 சான்ட்ரோ. ஏப்ரல் கடைசியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது ஐந்து ரோடு பாலத்துக்கு அடியில் சிக்னலில் நின்றோம், அவ்வளவு நேரம் ஜில்லென்று வந்த காற்று ஒரே நிமிடத்தில் அடுப்படிக் காற்றாக மாறிவிட்டது. சிக்னல் விழுந்து நாலாவது கியர் போட்டதும் மறுபடி குளிர்ந்தது. இந்த ஒரு அறிகுறியே போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடலாம் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது.

போன கடை பெரிய கடைதான். போர்டு, கண்ணாடி ரூம், காத்திருப்பவர்களுக்கு டீ எல்லாம் உண்டு. பெயர் போடவில்லை, ஏன் என்பது கடைசியில் புரியும். பையன் வந்து பானெட்டைத் திறந்தான், கேஸ் பிரஷர் பார்க்கிற கேஜ்கூட மாட்டவில்லை, "கேஸ் கம்மிங்க சார், பழைய வண்டி, வருஷத்துக்கு ஒருக்கா போடணும்" என்றான். பத்தே நிமிடம், 2,200 ரூபாய்.

இங்கேதான் முதல் ஏமாற்று. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது, அந்த இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்க வேண்டும், ஒழுக்கை அடைக்க வேண்டும், அரை மணி நேரமாவது வாக்கம் போட வேண்டும் (குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பது), அப்புறம்தான் கேஸ். அதையும் எடை வைத்துப் போட வேண்டும், எத்தனை கிராம் என்று பல வண்டிகளில் பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே இருக்கும். இவர்கள் இருந்த கேஸ் மேலேயே இன்னும் கொஞ்சம் திணித்துவிட்டார்கள்.

அதன் பிறகு முன்னைவிட மோசம். சிக்னலில் நின்ற அரை நிமிடத்திலேயே சூடு. அம்மா பின்சீட்டில் இருந்து, "காசையும் குடுத்துட்டு வெந்து வேற சாகணுமாடா" என்றார்.

திரும்பப் போனேன். இந்தத் தடவை ஓனரே வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் போயிருச்சு என்றார். 13,500. புதுசா என்றேன், "புதுசுதாங்க சார்" என்றார். பழையதைக் கொடுங்கள் என்றதற்கு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். சாயங்காலம் சீலநாயக்கன்பட்டி பைபாஸில் அவரே ஓட்டிக் காட்டினார், குளிரில் கை விறைத்தது. "ஃபேமிலியோட ஏற்காடு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்" என்று வழியனுப்பினார். ஏற்காட்டில் பாதி மலை ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஏசியே வேண்டாம், அங்கே எந்த ஏசிதான் நல்லாயிருக்காது! நானும் போனேன். மத்தியான வெயிலில் அடிவாரம் தாண்டி, முதல் கொண்டை ஊசி வளைவில் ஒரு பஸ்ஸுக்காக ஒதுங்கி நின்றதும், அதே அடுப்படிக் காற்று.

அங்கேயே ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தேன். 'புது' கம்ப்ரசர் வெள்ளியாக மின்னியது. கொஞ்சம் அதிகமாகவே மின்னியது, போல்ட் தலைமேலும் ஸ்டிக்கர்மேலும்கூட அதே வெள்ளி ஸ்ப்ரே. நகத்தால் சுரண்டினேன், உள்ளே கருப்பு, அதற்குள் பழைய கிரீஸ்.

கூட வேலை செய்பவர் சொல்லி, சேலம் குகை ஏரியாவில் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். ஆள் ஒருவர்தான், அறுபது வயதிருக்கும். வண்டி நிற்கும்போதுதானே சூடு என்று கேட்டார், ஏசியைப் போடச் சொல்லி முன்னால் குத்தவைத்து எட்டிப் பார்த்தார். பக்கத்து டீக்கடையில் ஒரு ஜக் தண்ணீர் வாங்கிவந்து கிரில் வழியாகக் கண்டன்சர் மேல், அதாவது வண்டி முன்னால் ரேடியேட்டர் மாதிரி இருக்கும் ஏசி பாகத்தின் மேல், ஊற்றினார். வண்டிக்குள்ளே ஏசி காற்றில் கை வைத்துப் பாருங்கள் என்றார். ஜில்! கேஜில் ஹை சைடு (பிரஷர் அதிகமாக இருக்கும் பக்கம்) முள் 350 psi பக்கத்திலிருந்து மளமளவென்று இறங்கியது.

"கண்டன்சர் ஃபேன் சுத்தல தம்பி, அவ்ளோதான்."

விஷயம் இதுதான். உள்ளே இருந்து எடுத்த சூட்டைக் கண்டன்சர் வெளியே தள்ள வேண்டும், வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைப் பார்த்துக்கொள்ளும், நின்றால் ஃபேன் பார்க்க வேண்டும். ஃபேன் செத்துவிட்டால் பிரஷர் ஏறும், அளவு மீறினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரையே நிறுத்திவிடும். கேஸை வேறு அதிகமாகத் திணித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். பைபாஸில் ஓட்டிக் காட்டினால் குளிராமல் என்ன செய்யும்?

பேட்டரியில் இருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தார், மோட்டார் அசையவில்லை, மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் தேய்ந்து போயிருந்தது. ஃபேன் மோட்டார் கூலியோடு 1,900. பழைய கேஸை எடுத்துவிட்டு, வாக்கம் போட்டு, தராசில் வைத்து அளந்து ஏற்ற 1,500. பழைய மோட்டாரை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார், நான் கேட்கவே இல்லை.

அந்தக் கவரோடு பெரிய கடைக்குப் போனேன். ஓனர் கவரைப் பிரித்துப் பார்த்தார். "இது எலக்ட்ரிக்கல் வேலைங்க சார், நாங்க ஏசி மட்டுந்தான்" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கம்ப்ரசர் பில்லைக் கொடுங்கள், நுகர்வோர் கமிஷனில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்ன பில் சார் என்றார். அப்போதுதான் உறைத்தது, 15,700 ரூபாய்க்கு என்னிடம் இருப்பது கடைப்பெயர்கூட இல்லாத ஒரு துண்டுச்சீட்டு, அதில் பென்சிலில் எழுதிய 'ஏசி ஒர்க்'. ஜிஎஸ்டி பில் என்றால் தனியாக ஆகும் என்று சொன்னபோது, பரவாயில்லை வேண்டாம் என்று சொன்னது நான்தான்.