மண்ணடியில் இறங்கி இரண்டு தெரு

சென்னை மெட்ரோ எப்படி என்று கேட்காதீர்கள். தியாகராயா கல்லூரி ஸ்டேஷனில் ஏறினோம், மண்ணடியில் இறங்கினோம், குளுகுளு என்று இருந்தது, அவ்வளவுதான். நான் புலம்ப வந்தது படியேறி வெளியே வந்த பிறகு நடந்த கதையை.

அம்மாவுக்குக் காளிகாம்பாளைப் பார்க்க வேண்டும். பிராட்வேயிலிருந்து அரண்மனைக்காரன் தெருவைத் தாண்டினால் தம்புச்செட்டித் தெரு, அங்கேதான் கோயில். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா ஓட்டமும் நடையுமாகப் போன தூரம். இப்போது அவளுக்கு மூட்டுவலி. ஆட்டோக்காரர் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள போனா சாயங்காலம்தான் வெளிய வரணும் சார்" என்று திரும்பிக்கொண்டார். பொய்யில்லை. ஒரு குட்டியானை லோடு வண்டியும் ஒரு காரும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பிளாட்பாரம் என்று ஒன்று இருந்த இடத்தில் பைக்குகள். பைக் இல்லாத இடத்தில் பேப்பர் பண்டல்கள். அம்மா ஒரு கையால் என் தோளையும் மறு கையால் யாருடைய பைக் சீட்டையோ பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். கால் மணி நேரத்தில் ஐம்பது அடி போயிருப்போம்.

ஃப்ரான்ஸில் நான் இருக்கிற ஸ்ட்ராஸ்பூர்க்கும் பழைய ஊர்தான், இதைவிடக் குறுகலான சந்துகள்தான். 1992இல் நடு ஊரின் பெரிய சதுக்கம் வழியாகக் கார்கள் குறுக்கே போவதை நிறுத்தினார்கள், 1994இல் ட்ராம் விட்டார்கள். கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று கத்தினார்களாம். இன்று அந்தக் கடை வாசல்களில் கூட்டத்தில் நடக்க முடியாது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், 1960இல் மூடிய ட்ராமைத்தான் அவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். நம் ஊரிலும் 1895இலேயே ட்ராம் ஓடியது. 1953இல் நிறுத்தினோம், அதோடு சரி. பிராட்வேயில் நின்ற வெளியூர் பஸ்களை 2002இல் கோயம்பேட்டுக்கு அனுப்பினோம். காலியான இடத்தில் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினோம்.

எனக்குத் தெரிந்த ஒரு திண்ணை வீடு, மரத்தூண் வைத்தது, இப்போது ஷட்டர் போட்ட குடோன். நாள் முழுக்கச் சரக்கு இறங்குகிற தெருவில் யார் குடியிருப்பார்கள்? ஸ்ட்ராஸ்பூர்க்கில் நடு ஊருக்குள் சரக்கு வண்டிக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் அனுமதி. அதை இங்கே செய்ய சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை, ஒரு பலகையும் அதை மதிக்க வைக்க ஒரு ஆளும் போதும்.

சரி, கதைக்கு வருகிறேன். பின்னாலிருந்து மணிச் சத்தம். மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று, பாதிக்குப் பண்டல்.

"இன்னா சார், அம்மாவ நடக்கவுட்டு இட்டார? குந்திக்கம்மா, நான் இட்டுனு போறேன்."

அம்மா பண்டல் மேல் உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு என்று கேட்டாள். நூறு என்றார். ஐம்பது என்றாள். அந்த நெரிசலுக்கு நடுவில், சிம்மாசனத்திலிருந்து பேசுகிற மாதிரி, பேரம் நடந்தது. நான் பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு பைக்கைக் காலால் தள்ளுவார், குட்டியானைக்காரரை ஒரு வார்த்தை திட்டுவார், வழி பிறக்கும். ஐந்தே நிமிடம், கோயில் வாசல். எழுபதுக்கு முடிந்தது. சத்ரபதி சிவாஜி 1677இல் இங்கே வந்து கும்பிட்டதாகச் சொல்வார்கள். குதிரையில் வந்திருப்பார், பார்க்கிங் தொல்லை இருந்திருக்காது.

தரிசனம் நன்றாக நடந்தது. வெளியே வந்து திரும்ப மண்ணடி வரை போக வேண்டுமே என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அம்மா தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரான்ஸ்ல இருக்கேன்னு பேரு. அந்த வண்டிக்காரர் நம்பரை வாங்கி வச்சியாடா?"